குமரி வெளிச்சத்துக்கு எந்த வழி? நிலக்காட்சியில் நிறத்தைக் கையாளும் நான்கு முறைகள்

மாத்தூர் தொட்டிப்பாலத்தை மூன்று தடவை வரைந்துவிட்டேன், மூன்றிலும் பாலம் இருக்கிறது, வெயில்தான் இல்லை என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். குளச்சலில் ஒரு கல்லூரி மாணவிக்கு வேறு தவிப்பு. கடலை ஒரே நீலமாகப் பூசினால் வீட்டில் "இன்னும் முடிக்கலையா" என்று கேட்கிறார்களாம். அலை அலையாக நுணுக்கி வரைந்தால் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடுகிறதாம். நாகர்கோவிலில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், இந்த வயதில் தொடங்குகிறேன், எந்த முறையைப் பிடிப்பது என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்.

மூன்றும் ஒரே கேள்விதான். நவீன ஓவியம் வெளிச்சத்தை வண்ணத்துக்குள் கொண்டுவரப் பல வழிகளைக் காட்டியிருக்கிறது. அதில் எது நம் ஊருக்கும், நம் நேரத்துக்கும், நம் கைக்கும் ஒத்துவரும்? இந்தக் குமரி மாவட்டத்திலேயே இருந்து, வெளியில் உட்கார்ந்து பல வருடம் வரைந்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

## ஏன் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது

மத்தியானம் சொத்தவிளைக் கடற்கரையில் நின்று பாருங்கள். வெயிலில் மின்னும் தண்ணீருக்கும், கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் அடியில் கிடக்கும் நிழலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் ஆயிரம் மடங்கைத் தாண்டும். நம்மிடம் இருக்கும் வெள்ளை வண்ணத்துக்கும் கறுப்பு வண்ணத்துக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 20 முதல் 30 மடங்குதான். அந்தப் பெரிய வெளிச்சத்தை இந்தச் சின்ன அளவுக்குள் அப்படியே அடைக்க முடியாது. எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுகிறோம், எதைப் பிடித்து வைக்கிறோம் என்பதில்தான் இந்த நான்கு வழிகளும் பிரிகின்றன.

வெயில் வரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் செய்வது வெள்ளையை அள்ளிக் கலப்பது. இன்று டியூபில் வரும் வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. அது எந்தத் தாதுவிலிருந்து வருகிறது தெரியுமா? இல்மனைட். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறதே, அதேதான். அவ்வளவு கறுத்த மணலிலிருந்து அவ்வளவு வெளுத்த வண்ணம் கிடைக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு குணம் உண்டு. எதோடு கலந்தாலும் அதன் சூட்டை எடுத்துவிடும். மஞ்சளோடு கலந்தால் வெயில் வராது, மோரில் மஞ்சள் போட்ட மாதிரி ஒரு வெளிறல்தான் வரும். வெளிச்சம் கூடும், வெயில் போய்விடும். இந்த இரண்டும் வேறு வேறு என்று புரிந்த அன்றைக்குத்தான் நவீன ஓவியர்கள் ஏன் அப்படி வரைந்தார்கள் என்பது எனக்குப் பிடிபட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், நீங்கள் வரையப்போகும் வெளிச்சம் எப்படிப்பட்டது. ஆடி மாத மூடலா, சித்திரை உச்சி வெயிலா, முட்டத்து அந்தி நேரமா? ஒன்றுக்கு ஒத்துவரும் முறை இன்னொன்றுக்கு ஒத்துவராது.

அடுத்தது நேரம். இதைப் பலரும் யோசிப்பதில்லை. நாம் இருப்பது வடக்கு 8 டிகிரியில். இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து மறைவதில்லை, கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது. கையை நீட்டி அடிவானத்துக்கு மேல் நான்கு விரலைப் படுக்கவைத்துப் பாருங்கள். அந்த உயரத்துக்குச் சூரியன் வந்துவிட்டால் மறைய ஏறக்குறைய அரை மணி நேரம்தான் இருக்கும். மறைந்த பிறகு வரையும் அளவுக்கு வெளிச்சம் நிற்பது இருபது நிமிஷம் சொச்சம். பிரான்சின் வடக்குக் கரையில் கிடைத்த நீளமான அந்தி நமக்குக் கிடையாது.

மூன்றாவது, வண்ணச் செலவு. நான்காவது, படம் கடைசியில் எங்கே மாட்டப்போகிறது என்பது. வெளியில் வெயிலில் வரைகிறோம், வீட்டில் எல்.இ.டி. விளக்கில் பார்க்கிறோம். மலிவான எல்.இ.டி. சிவப்பை மங்கடித்துவிடும். படத்தின் உயிர் சின்னச் சின்ன நிற வித்தியாசத்தில் இருந்தால் அது வீட்டுச் சுவரில் செத்துப்போகும். ஐந்தாவது, கை பழக எத்தனை நாள் ஆகும் என்பது.

## வெளிச்சம், இருட்டு வைத்து வரைவது

பள்ளிக்கூட டிராயிங் வகுப்பில் உருண்டைக்கு ஒரு பக்கம் நிழல் போட்டோமே, அதே வழி. நிறத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, எது வெளுப்பு எது கறுப்பு என்பதை மட்டும் பிடித்துவைப்பது. நவீன ஓவியம் இதிலிருந்துதான் விலகிப் போனது. இருந்தாலும் இதைக் கழித்துவிட முடியாது.

வானம் மூடிக் கிடக்கும் நாளில் இது அருமையாக உட்காரும். ஆடியில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கம், மழைக்கு முந்தின வேளிமலை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தின் உள்பக்கம். அங்கெல்லாம் நிறம் தானாகவே அடங்கியிருக்கும், இரண்டு மூன்று வண்ணத்திலேயே வேலை முடிந்துவிடும். செலவும் குறைவு, பழகவும் எளிது.

மறைந்திருக்கும் செலவு கறுப்பு டியூப். நிழல் என்றதும் கை அதைத் தேடிப் போகும். செம்மண்ணில் விழுந்த நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அது நிழலாகத் தெரியாது, அடுப்புச் சாம்பல் கொட்டின இடமாகத்தான் தெரியும். வெயில் நாளில் இந்த வழியைப் பிடிக்காதீர்கள். மார்த்தாண்டத்துக்காரருடைய படங்களில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

## நிறத்தைச் சிதறி வைப்பது

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1872இல் லெ ஹாவ்ர் துறைமுகத்துச் சூரிய உதயத்தை வரைந்தார். சாம்பல் நீல மூட்டத்தில் ஒரு ஆரஞ்சு வட்டம். 1874இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்ற அந்தப் படத்தின் பெயரை வைத்துத்தான் அந்தக் குழுவுக்கே கேலியாக இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் வந்தது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் ஒன்று தெரியும்: சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகும்! சுற்றியுள்ள வானத்தைவிட அது வெளுப்பே இல்லை. வெளிச்ச அளவில் இரண்டும் ஒன்று, நிறத்தில் மட்டும் எதிரெதிர். அதனால்தான் அந்த வட்டம் துடிக்கிற மாதிரி தெரிகிறது. வெளிச்ச வித்தியாசத்தை விட்டுக்கொடுத்து, நிற வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார் மோனே.

இதன் அடிப்படை ஓவியக்கூடத்தில் பிறந்ததில்லை. பாரிஸில் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த வேதியியலாளர் செவ்ருலிடம், கறுப்புச் சாயம் எடுபடவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். சேலை எடுக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். கரை மாறினால் சேலை உடலின் நிறமே மாறித் தெரியும்.

நம் ஊரில் இந்த வழிக்கென்றே அமைந்த இடம் தண்ணீர். மணக்குடிக் காயலில் சாயங்காலம் ஐந்தே முக்கால் வாக்கில், ஒரு முழ அகலத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். சிற்றலையில் மேற்கே பார்த்த சரிவு மாம்பழத் தோல் நிறத்தில் இருக்கும். தலைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்த்த சரிவு சிலேட்டு நீலம். இரண்டுக்கும் நடுவே, நம் பக்கம் திரும்பிய பள்ளத்தில், தண்ணீரின் சொந்த நிறம்: பாசியும் சேறும் கலந்த ஒரு பச்சை. இந்த மூன்றையும் பேலட்டில் கலந்தால் கிடைப்பது சகதி நிறம். கலக்காமல் மூன்று தீற்றலாக, மேற்கிலிருந்து வரும் தீற்றலைக் கொஞ்சம் நீட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் அசையத் தொடங்கும். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு கார்த்திகை மாதம் முழுக்க அங்கே போனேன்.

முழுமாதம் போக வேண்டியிருந்ததற்குக் காரணம் அந்த அரை மணி நேரம். இந்த வழியின் பெரிய செலவு பணமல்ல, நாள். 1890, 91இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது மோனே பல கேன்வாஸ்களைக் கூடவே வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்: ஒரே இடம், ஒரே நேரம், நாலைந்து நாள், நாளுக்கு இருபத்தைந்து நிமிஷம். ஒரே நாளில் முடிக்க உட்கார்ந்தால் படத்தின் இடது பாதியில் ஐந்தரை மணியும் வலது பாதியில் ஆறேகால் மணியும் இருக்கும்.

ஆயில் வண்ணத்தில் செய்தால் ஈரத்தின் மேல் ஈரம் பட்டு நிறம் கலங்கும். மழைக்காலத்தில் ஒரு படலம் காய ஒரு வாரம்கூட ஆகலாம். இதற்குத் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணம் நல்லது, சட்டென்று காய்வது இங்கே வசதி. வண்ணம் நிறையச் செலவாகும். இன்னொன்றும் உண்டு, வாங்கும்போது யாரும் சொல்லாதது: சிதறிய நிறம் கண்ணில் ஒன்று சேர எட்டுப் பத்து அடி தூரம் வேண்டும். நம் வீட்டு முன்னறைகளில் அந்தத் தூரம் கிடைப்பது கஷ்டம். சின்ன அறையில் மாட்டுவதாக இருந்தால் தீற்றலைச் சிறிதாக்குங்கள், இல்லையென்றால் வேறு வழியைப் பாருங்கள்.

## சூடும் குளிர்ச்சியும்

எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான வழி இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் பால் செசான், தெற்குப் பிரான்சில் தன் ஊரான எக்ஸ் பக்கத்தில் உள்ள சென்ட் விக்டோர் மலையை ஆயிலிலும் நீர்வண்ணத்திலும் திரும்பத் திரும்ப வரைந்தார், 1906இல் சாகும் வரைக்கும். மோனே கணத்தைப் பிடித்தார் என்றால் செசான் நிற்பதைப் பிடித்தார். மலையின் உருட்சியைக் காட்ட அவர் வெளுப்பு, கறுப்பை நம்பவில்லை. ஒரு தளம் திரும்பும்போது நிறம் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு மாறும்: மஞ்சள், காவி, பிறகு பச்சை, பிறகு நீலம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னத் தீற்றல். அதில் ஒளியும் வடிவமும் ஒரே சமயத்தில் வந்துவிடுகின்றன.

இதை எங்கே பார்ப்பது? காலை பத்து மணிக்குக் குலசேகரம் பக்கம் போங்கள். சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர், முன்னால் செம்மண் முற்றம், சுவரில் தென்னை ஓலை நிழல். தூரத்திலிருந்து பார்த்தால் நிழல் சாம்பல். கிட்டே போய், ஒரு கையை நிழலின் மேல்பாதிக்கு முன்னால் நீட்டி மறைத்து, பிறகு கீழ்ப்பாதியை மறைத்துப் பாருங்கள். மேல்பாதி நிழலில் நீலம் இருக்கும், அங்கே வெளிச்சம் தருவது வானம் மட்டும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு அதே நிழல் செம்மையேறி இருக்கும், வெயில் பட்ட மண் தன் நிறத்தைச் சுவரில் திருப்பி அடிக்கிறது. வெளிச்ச அளவில் இரண்டு பாதிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நிறத்தில் ஒன்று கடல், ஒன்று ஓடு. அந்த ஒரு முழச் செம்மையை வரைந்துவிட்டால், முற்றத்தை வரையாமலேயே முற்றத்தில் அடிக்கும் வெயில் படத்துக்குள் வந்துவிடும்.

மாத்தூர் பாலத்தை வரையும் மார்த்தாண்டத்துக்காரருக்குத் தேவைப்படுவது இதுதான். 115 அடி உயரக் கான்கிரீட் தூண்கள், சுற்றிலும் பச்சை, கீழே பறளியாறு. கான்கிரீட்டுக்குச் சொந்த நிறம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அதனாலேயே சுற்றியுள்ள எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். வெயில் பட்ட பக்கம் வெண்காவி, படாத பக்கம் கீழே மரப்பச்சை, மேலே போகப் போக வானத்து நீலம். கறுப்பு எங்கேயும் தேவைப்படாது.

செசானுக்கு அந்த மலை என்றால் நமக்கு மருந்துவாழ் மலை. சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறது, சுற்றி வயலும் தென்னையும், பாறை முகங்கள் தெளிவாகத் திரும்புகின்றன. கன்னிப்பூ நெல் பருவத்து நாற்று நட்ட சமயத்தில் அதன் அடிவாரத்துப் பாறைக்குக்கூடப் பச்சை ஏறும். ஆனால் அவருடைய நிறங்களை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அது வறண்ட காற்று உள்ள ஊர். நமக்குக் கடல் ஈரம். மாசி, பங்குனியில் வடக்கே உள்ள மலைகள் வெளிறி, வானத்தோடு ஒட்டிப் போகும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் அதே மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் கரும்பச்சையாக வந்து நிற்கும். சூடு முன்னால் வரும், குளிர்ச்சி பின்னால் போகும் என்ற பாடம் அந்த ஒரு நாளைக்குப் பொருந்தாது. கண்ணை நம்புங்கள்.

செலவைப் பார்த்தால் வண்ணத்துக்கு அதிகம் ஆகாது. ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சூடான மஞ்சள் ஒன்று, பச்சைப் பக்கம் சாய்ந்த குளிர்ந்த மஞ்சள் ஒன்று, சிவப்பிலும் நீலத்திலும் அதேபோல் இரண்டிரண்டு, ஆக ஆறு டியூப் போதும். காகிதத்தின் வெள்ளையை ஆங்காங்கே விட்டுவைக்கலாம். செசான் கடைசிக் காலத்தில் கேன்வாஸைக்கூட அப்படித் திறந்து விட்டிருக்கிறார். நீர்வண்ணத்துக்கு இது இயல்பாகவே பொருந்தும். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளிறும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழகத்தான் நாளாகும். முதல் ஆறு மாதம் எல்லா நிழலும் உங்களுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். இன்னொரு செலவு வீட்டு விளக்கு. இந்தப் படங்களின் உயிர் மிகச் சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது. குலசேகரத்துச் சுவரை முதல்முறை வரைந்து கொண்டுவந்து இரவில் மாட்டியபோது, அந்த ஒரு முழச் செம்மை கண்ணுக்கே தெரியவில்லை. படம் கெட்டுவிட்டதென்று நினைத்து, வரைந்த காகிதத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துப் பகலில் திண்ணையில் விரித்தபோது அது அங்கேயேதான் இருந்தது. ஆகவே பகல் வெளிச்சம் வரும் சுவர் இருந்தால் மட்டும் இந்த வழியில் பெரிய படம் செய்யுங்கள். நேர் வெயில் மட்டும் படக்கூடாது.

## தட்டையாகப் பூசுவது

1905 கோடையில் பிரெஞ்சு ஓவியர்கள் மத்தீஸும் தெரேனும் கொல்லியூர் என்ற மீன்பிடி ஊரில் தங்கி வரைந்தார்கள். ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடற்கரை. மணலுக்குச் சிவப்பு, மரத்துக்கு நீலம், நிழலுக்குப் பச்சை. அந்த வருடம் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த விமர்சகர் ஒருவர் காட்டு மிருகங்கள் என்று எழுத, அதுவே ஒரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. அவர்கள் பொருளின் நிறத்தை முழுவதுமாக விட்டுக்கொடுத்து, வெயில் உடம்பில் ஏறும் உணர்வைப் பிடித்துக்கொண்டார்கள்.

குளச்சல் மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர் வெயில் கொல்லியூர் வெயிலைவிட இந்த வழிக்குப் பொருத்தமானது. அங்கே நடுக்கோடையிலும் சூரியன் உச்சந்தலைக்கு வராது. இங்கே வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும், பகல் 12.20 வாக்கில் நேர் மேலே நிற்கும். அப்போது கம்பத்துக்கு நிழல் கிடையாது. வெளிச்சம், இருட்டு என்ற கணக்கு அங்கே செல்லாது, தளம் திரும்புவதும் தெரியாது. எல்லாமே வெட்டி ஒட்டின நிறத் துண்டுகள். கடல் ஒரு பட்டை, மணல் ஒரு பட்டை, வள்ளத்தின் சிவப்பு ஒரு கீற்று. தட்டையாகப் பூசுவது அங்கே சோம்பல் இல்லை, கண் பார்ப்பதே அதுதான். முப்பந்தல் காற்றாலைகளும் அந்த நேரத்தில் அப்படித்தான், காய்ந்த தரையில் வெள்ளைக் கீற்றுகள்.

நம்மவர்களிலும் இந்தப் பக்கம் வந்தவர்கள் உண்டு. காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டில் வரைந்து பெயர் வாங்கிய கே. எம். ஆதிமூலம், பிற்காலத்தில் ஆயிலில் அரூப நிலக்காட்சிகளுக்குப் போனார்; மலையும் வயலும் பெயர் இழந்து வண்ணப் பரப்புகளாக நிற்கும். 1950இல் பிரான்ஸ் போன ரசா அங்கத்திய ஊர்களை அடர்ந்த வண்ணத் திட்டுகளாக வரைந்தார். சென்னைப் பக்கம் போனால் 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரு நாள் செலவிடுங்கள். அச்சில் பார்ப்பது வேறு, பரப்பின் முன்னால் நிற்பது வேறு.

பார்ப்பதற்கு எளிது போல இருக்கும் இந்த வழியில்தான் மறைந்த செலவு அதிகம். மூன்றே நிறம் என்றால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், ஒன்று பிசகினால் படமே போச்சு. நான் ஒரு படத்துக்குத் தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு சோதனை செய்துவிட்டுத்தான் கேன்வாஸைத் தொடுவேன். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். ஈரத்தில் சரியாக இருந்த நீலம் மறுநாள் கனத்துப் போயிருக்கும். சோதனையைக் காயவிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாணவர்களுக்கான மலிவு டியூபில் நிறமியைவிட நிரப்பிகள் அதிகம். சின்னத் தீற்றலில் தெரியாத அந்தச் சப்பைத்தனம் பெரிய பரப்பில் முகத்தில் அடிக்கும். இந்த ஒரு வழிக்கு மட்டும் விலை கூடிய டியூபை வாங்குங்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். டியூபின் பின்னால் நிறம் மங்காத தரம் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். அலிசரின் கிரிம்சன் போன்ற சிவப்புகள் வெளிச்சத்தில் வெளிறிவிடும். பரப்பு முழுவதும் அது என்றால் சில வருடத்தில் வேறு படம்தான் சுவரில் இருக்கும்.

## ஒரு பார்வையில்

| | வெளிச்சம், இருட்டு | சிதறிய நிறம் | சூடு, குளிர்ச்சி | தட்டை நிறம் |
|---|---|---|---|---|
| பொருந்தும் வெளிச்சம் | மூடல், மழை | அந்தி, நீர்ப்பரப்பு | காலை 8 முதல் 10.30, பிற்பகல் 3க்கு மேல் | உச்சி வெயில் |
| இடத்தில் உட்காரும் நேரம் | ஒரே அமர்வு | 25 நிமிஷம், பல நாள் | 2 மணி நேரம், சில நாள் | குறைவு. வீட்டில் சோதனை அதிகம் |
| ஏற்ற ஊடகம் | நீர்வண்ணம், கரி | அக்ரிலிக் | நீர்வண்ணம், ஆயில் | அக்ரிலிக், ஆயில் |
| வண்ணச் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் | டியூப் குறைவு, விலை அதிகம் |
| எல்.இ.டி. விளக்கில் | தாங்கும் | ஓரளவு | அடிபடும் | நன்றாகத் தாங்கும் |

ஊடகம் பற்றி ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அக்ரிலிக் பேலட்டிலேயே தோலாகிவிடும். தெளிக்கும் பாட்டிலும் ஈரத்துணியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். நீர்வண்ணக் காகிதம் நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துப் புள்ளி விழும். முழுப் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். தடித்த காகிதமானாலும் விதிவிலக்கு இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

## யார் எதை எடுக்கலாம்

ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு: சூடும் குளிர்ச்சியும். நேரம் உங்களிடம் இருக்கிறது, இந்த வழி கேட்பதும் அதைத்தான். வாரத்தில் இரண்டு காலை, ஒரே சுவர் அல்லது ஒரே பாறை. நடுநடுவே மொபைலில் அந்தக் காட்சியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒன்றாகத் தெரிந்து, கண்ணுக்கு வேறாகத் தெரியும் இடங்கள்தான் உங்களுக்கு வேண்டிய இடங்கள்.

வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரைகிறவர்கள் சிதறிய நிறத்தில் இறங்க வேண்டாம். அடுத்த ஞாயிறு அதே வானம் கிடைக்காது. தினமும் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போகிற வசதி உள்ள ஊர்க்காரர்களுக்கு, மணக்குடி, முட்டம், தேங்காப்பட்டணம் ஆட்களுக்கு, அதைவிட நல்ல வழி இல்லை.

குளச்சல் மாணவி தட்டை நிறத்திலேயே நிற்கட்டும். முடிக்காதது போலத் தெரிவதற்குக் காரணம் அலை இல்லாதது அல்ல என்பது என் கணிப்பு. நீலத்துக்கும் மணலுக்கும் இடையே உள்ள உறவு இன்னும் இறுகவில்லை. நீலத்தைத் தொடாமல் மணலின் நிறத்தை மட்டும் ஐந்து விதமாக மாற்றி, ஐந்து சின்ன அட்டையில் பூசிக் காயவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடமே காட்டுங்கள். எதைப் பார்த்ததும் அவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்களோ, அதில் வெயில் இருக்கிறது.

மாத்தூருக்கு நாலாவது முறை போகிறவருக்கு: காலை எட்டரைக்கு இறங்குங்கள், கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முழுப் பாலமும் வேண்டாம். ஒரே தூண், அதிலும் வெயில் படாத பக்கம், மரக்கிளைகளின் உயரத்துக்குச் சற்று மேலே. பச்சை முடிந்து நீலம் தொடங்கும் இடம் அங்கே இருக்கும். முதல் தீற்றலை அந்த இடத்தில் வையுங்கள்.